பத்து வருட விசாவும் ஆறு மாதக் கணக்கும்

விசாவில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதி வரை அந்த நாட்டில் இருந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை, படித்தவர் படிக்காதவர் என்ற வேறுபாடில்லாமல் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. அது தவறான நம்பிக்கை. சுற்றுலா விசாவைப் பொறுத்தவரை பெரும்பாலான நாடுகளில் அது அரைகுறை உண்மை. பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர் கூட்டங்கூட்டமாகப் போகும் அமெரிக்காவிலோ அதில் துளியும் உண்மையில்லை. இந்தப் பிழையின் மேல்தான் பல குடும்பங்கள் ஆறு மாதப் பயணத்தைத் திட்டமிடுகின்றன, டிக்கெட் போடுகின்றன, இன்ஷூரன்ஸ் எடுக்கின்றன.

தருமபுரி மாவட்டத்தின் ஓரத்தில், மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடக்கும் ஏரியூர் வட்டாரத்துக்கும் இது தூரத்துச் சங்கதி இல்லை. பிழைப்பு தேடி பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போய்ப் பழகிய பகுதி இது. பெங்களூரில் மென்பொருள் வேலைக்குப் போகும் பிள்ளைகள் சிலர் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் கிளம்புகிறார்கள். ஓரிரு வருடத்தில் மகளின் பிரசவத்துக்காக அம்மாவுக்கும் பாஸ்போர்ட் எடுக்கவேண்டி வருகிறது. அமெரிக்க விசாவுக்கு தருமபுரியிலிருந்து இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போகவேண்டும். பெங்களூரில் 2025 ஜனவரியில் அமெரிக்கத் துணைத்தூதரகம் திறக்கப்பட்டபோதும் விசாப் பணி அங்கே தொடங்கப்படவில்லை. சென்னையில் நேர்காணல் முடிந்து, பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஊரில் பரவும் செய்தி ஒன்றுதான்: “பத்து வருஷத்துக்குக் குத்திட்டாங்க.” அம்மா இனி எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருந்துவிட்டு வரலாம் என்று உறவினர்களும் முடிவு செய்துவிடுகிறார்கள்.

அந்த ஸ்டிக்கரைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் இந்த முடிவுக்கு அதில் இடமே இல்லை. வழங்கிய தேதி, காலாவதித் தேதி, விசா வகை பி1/பி2, எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தில் பல முறை என்பதைக் குறிக்கும் ஓர் எழுத்து. அவ்வளவுதான். எத்தனை நாள் தங்கலாம் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது. காலாவதித் தேதி சொல்வது, அந்த நாளுக்குள் அமெரிக்க விமான நிலையத்தில் போய் நின்று உள்ளே விடும்படி கேட்கலாம் என்பதை மட்டுமே. ஒரு வருட பஸ் பாஸ் வைத்திருப்பவர் ஒரு வருடமும் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பதில்லை.

தங்கும் நாளை முடிவு செய்பவர் தூதரக அதிகாரி அல்லர். இறங்கும் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கும் எல்லைக் காவல் அதிகாரி. அவர் பதியும் நுழைவுப் பதிவுக்கு ஐ-94 என்று பெயர். முன்பெல்லாம் அது பாஸ்போர்ட்டில் பின் போட்டுத் தரும் வெள்ளைச் சீட்டாக இருந்தது. 2013 முதல் விமானப் பயணிகளுக்கு அது மின்னணுப் பதிவாகிவிட்டது. அரசு இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். சுற்றுலாப் பயணிக்கு வழக்கமாக அதில் ஆறு மாதம் கிடைக்கும். சட்டப்படி அதிகாரி குறைத்தும் கொடுக்கலாம். பாஸ்போர்ட் அதற்கு முன்பே முடிவதாக இருந்தால், தங்கும் காலத்தையும் அந்த நாளோடு நிறுத்திவிடலாம். ஒன்பதரை வருடத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோர் இதைக் கவனிப்பதில்லை. புதிய பாஸ்போர்ட் எடுத்தால் விசா போய்விடும் என்ற பயமும் வேண்டாதது. பழைய பாஸ்போர்ட்டில் உள்ள செல்லுபடியாகும் விசாவைப் புதியதோடு சேர்த்துக் காட்டலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 2034 வரை விசா உள்ள ஒரு தாய் 2026 ஜனவரி 10 அன்று அமெரிக்காவில் இறங்குகிறார். வழக்கப்படி ஐ-94இல் ஜூலை 9 என்று இருக்கும். பேத்தியின் பெயர் சூட்டு விழாவை முடித்துக்கொண்டு ஜூலை 20 அன்று கிளம்பினால், விசாவில் எட்டு வருடம் மீதி இருந்தும் அவர் 11 நாள் அனுமதியில்லாமல் தங்கியவர். இதைத் திருப்பிப் போட்டாலும் நம்பிக்கை பொய்க்கிறது. மார்ச் 15 அன்று விசா முடியும் ஒருவர் மார்ச் 14 அன்று இறங்கினாலும் அவருக்கு ஆறு மாதம் கிடைக்கலாம். உள்ளே இருக்கும்போதே விசா காலாவதியானால் அதில் குற்றமில்லை.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசா இன்னொரு வகை. இதில் தங்கும் நாளுக்குத் தனிக் கட்டம் உண்டு. அதைப் படிப்பவர்தான் குறைவு. ‘இந்தத் தேதி முதல், இந்தத் தேதி வரை’ என்பது ஒரு வரி. ‘தங்கும் நாள்கள் 90’ என்பது வேறொரு வரி. ஜெர்மனியில் இருக்கும் மகனைப் பார்க்க ஒரு வருடப் பல்நுழைவு விசா கிடைத்தவர் ஒரு வருடம் தங்க முடியாது. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் நாடுகளுக்குள் இருந்திருக்கக் கூடாது என்பது விதி. வந்த நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும். 2026 மார்ச் 1 அன்று இறங்கியவருக்கு 90ஆம் நாள் மே 29. அதன்பின் முழுதாக இன்னொரு 90 நாள் தங்கவேண்டுமானால் ஆகஸ்ட் 28 வரை வெளியே காத்திருக்கவேண்டும். ஜெர்மனியில் 60, பிரான்ஸில் 60 என்று பிரித்துக் காட்டித் தப்பவும் வழியில்லை. ஷெங்கன் நாடுகள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே கணக்கு. அமெரிக்க முறையைக் கேள்விப்பட்டவர்கள் இங்கே வேறொரு குழியில் விழுவதுண்டு: ஷெங்கன் விசாவில் உள்ள கடைசித் தேதியைத் தாண்டி உள்ளே இருக்கவே கூடாது, 90 நாளில் மீதி இருந்தாலும்.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான், எண்கள்தான் வேறு. பிரிட்டன் பத்து வருடத்துக்குப் பார்வையாளர் விசா தரும். ஒவ்வொரு முறையும் 180 நாளுக்கு மேல் இருக்க முடியாது. கனடாவில், அதிகாரி வேறு தேதி குறிக்காவிட்டால் ஆறு மாதம். சிங்கப்பூர் விசாவைக் காட்டினால் உள்ளே விடும்படி கேட்கலாம். தங்க அனுமதிப்பது, இறங்கிய பிறகு மின்னஞ்சலில் வரும் விசிட் பாஸ். அதில் குறித்த தேதியைத் தாண்டி 90 நாளுக்கு மேல் தங்கிவிட்ட 50 வயதுக்கு உட்பட்ட ஆணுக்குச் சிறையோடு பிரம்படியும் அந்நாட்டுச் சட்டத்தில் உண்டு. துபாயில் கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் அபராதம். விசாவே கேட்காத நாடுகளிலும் நாள் கணக்கு உண்டு. மலேசியா 2023 டிசம்பரில் இந்தியர்களுக்கு விசாவை நீக்கியபோது 30 நாள் என்றது.

பெற்றோர் உண்மையிலேயே நீண்ட நாள் தங்க வாசலைத் திறந்துவைத்திருக்கும் ஏற்பாடுகளில் ஒன்று கனடாவின் சூப்பர் விசா. 2022 ஜூலையிலிருந்து அதில் ஒரே வருகையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். பிள்ளையின் வருமானக் கணக்கும், ஒரு லட்சம் கனடிய டாலருக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். நீண்ட தங்கலுக்கு என்றே தனி விசா ஒன்று இருப்பதே, சாதாரணச் சுற்றுலா விசா அதற்கானதில்லை என்பதற்குச் சாட்சி.

தவறான நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. நம் ஊரில் ஓட்டுநர் உரிமமோ வண்டி இன்ஷூரன்ஸோ, எந்தத் தாளானாலும் அதில் உள்ள தேதிதான் கடைசி வார்த்தை. அந்தப் பழக்கம் விசாவுக்கும் தொற்றிக்கொள்கிறது. ‘பத்து வருட அமெரிக்க விசா’ என்று பலகை வைக்கும் டிராவல்ஸ்காரர்களுக்கு அதைத் திருத்துவதில் லாபமில்லை. போய் வந்தவர்கள் சொல்லும் கதைகள் இன்னும் மோசம். “எங்க சம்பந்தி எட்டு மாசம் இருந்துட்டு வந்தாங்க, ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல” என்பது எல்லா வாதங்களையும் வாயடைக்கும் சான்றாக வைக்கப்படுகிறது.

அது சான்றே இல்லை. அமெரிக்காவிலிருந்து வெளியேறும்போது பாஸ்போர்ட்டைப் பார்க்கத் தனிக் கவுன்ட்டர் இல்லாததால், யாரும் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. விமான நிறுவனம் கொடுக்கும் பயணிகள் பட்டியலிலிருந்து புறப்பட்ட தேதி அரசின் பதிவுக்குப் போய்விடுகிறது. ஐ-94 தேதியை ஒரு நாள் தாண்டினாலும் அந்த விசா சட்டப்படி செல்லாததாகும். ஸ்டிக்கரில் 2034 என்று இருப்பது வெறும் மை. 180 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கி வெளியேறினால் மூன்று வருடம், ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் பத்து வருடம் நுழையத் தடை என்பது 1996இல் வந்த சட்டம். தண்டனை கிளம்பும் நாளில் வருவதில்லை. இரண்டாவது பேரப்பிள்ளை பிறக்கும்போது, டிஎஸ்-160 விசா விண்ணப்பப் படிவத்தில் அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியதுண்டா என்ற கேள்வியின் வடிவில் வருகிறது. சம்பந்தி அம்மாள் அதன்பின் மறுபடி போனாரா என்று அந்தக் கதையில் யாரும் சொல்வதில்லை. ஐரோப்பாவும் முத்திரையை மட்டும் நம்பியிருந்த காலத்தைக் கடந்துவிட்டது. 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையோடும் முகப்படத்தோடும் வரவு, போக்கைப் பதியும் மின்னணு முறை அங்கே படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

இந்த நம்பிக்கைக்கு இரண்டு துணை நம்பிக்கைகள் உண்டு. முதலாவது, நாள் போதாவிட்டால் நீட்டித்துக்கொள்ளலாம் என்பது. அமெரிக்காவில் ஐ-539 என்ற விண்ணப்பம் இருப்பது உண்மை. அதை ஐ-94 முடிவதற்கு முன் கொடுக்கவேண்டும். 45 நாள் முன்னதாகவே கொடுக்கும்படி குடியேற்றத் துறை சொல்கிறது. காரணம் காட்டவேண்டும், கட்டணம் கட்டவேண்டும், முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம், மறுக்கவும் செய்யலாம். நோய், அறுவைச் சிகிச்சை போன்ற எதிர்பாராத நிலைக்கு உதவும் வழி அது. ஊரிலிருந்து கிளம்பும்போதே திட்டத்தில் எழுதிக்கொள்ளத் தக்கது அல்ல. இரண்டாவது, பக்கத்து நாட்டுக்கு ஒரு நடை போய் வந்தால் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்பது. 30 நாளுக்குள் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ போய்த் திரும்புவோருக்குப் பெரும்பாலும் பழைய ஐ-94 கணக்கே தொடர்கிறது. ஷெங்கன் கணக்கில் சுவிட்சர்லாந்துக்குப் போனாலும் உள்ளேயே இருப்பதாகத்தான் பொருள்.

விசாத் தேதியை நம்புவதால் டிக்கெட்டும் தலைகீழாகப் போடப்படுகிறது. வழக்கமாக நடப்பது, மலிவாகக் கிடைக்கும் நாளைப் பார்த்துத் திரும்பும் டிக்கெட் போடுவது. போடவேண்டிய முறை, தங்கக்கூடிய கடைசி நாளைக் கணக்கிட்டு, அதிலிருந்து ஒரு வாரமாவது பின்னுக்கு வந்து திரும்பும் நாளைக் குறிப்பது. விமானம் ரத்தானாலும் காய்ச்சல் வந்தாலும் அந்த ஒரு வாரம் தாங்கும். விமான நிறுவனங்கள் ஏறத்தாழ 11 மாதத்துக்கு முன்பே இருக்கைகளைத் திறந்துவிடுவதால், ஆறு மாதம் தள்ளிய திரும்பு டிக்கெட்டும் ஒரே நேரத்தில் கிடைக்கும். நள்ளிரவு விமானங்களில் ஒரு சிக்கல் உண்டு. ‘9ஆம் தேதி ராத்திரி விமானம்’ என்று வீட்டில் பேசப்படுவது டிக்கெட்டில் 10ஆம் தேதி 1.30 மணியாக இருக்கும். ஐ-94 ஜூலை 9 என்றால் அந்த ஒன்றரை மணி நேரம் வீட்டுப் பேச்சுக்குக் கட்டுப்படாது.

டிக்கெட் முதலா விசா முதலா என்ற சண்டைக்கும் ஒரே பதில் இல்லை. அமெரிக்கத் தூதரகங்கள், விசா கைக்கு வரும் முன் பயணத்தை உறுதி செய்யாதீர்கள் என்றே அறிவுறுத்துகின்றன. ஷெங்கன் விண்ணப்பத்துக்குப் போய்வரும் முன்பதிவைக் காட்டவேண்டும். அதோடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும். இந்த இடைவெளியில்தான் ‘டம்மி டிக்கெட்’ வியாபாரம் நடக்கிறது. சில நாளில் தானே ரத்தாகும் பிஎன்ஆர் எண்ணைத் தாளில் அடித்துத் தருகிறார்கள். தூதரகம் சரிபார்க்கும் நாளில் அந்த எண் உயிரோடு இல்லாவிட்டால் போலி ஆவணம் கொடுத்தவர் என்ற பெயர் விண்ணப்பதாரருக்கே. காசு திரும்பக் கிடைக்கும் வகை டிக்கெட்டோ, நிறுவனமே சில நாள் பிடித்துவைத்துத் தரும் முன்பதிவோ செலவு கொஞ்சம் கூடினாலும் நேரான வழி.

ஒருவழி டிக்கெட்டோடு பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் நிற்பவரை முதலில் மடக்குவது வெளிநாட்டு அதிகாரி அல்லர், செக்-இன் கவுன்ட்டர்காரர். அனுமதி இல்லாதவரை ஏற்றிச் சென்றால் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும், பல நாடுகளில் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், திரும்பு டிக்கெட் கேட்பதில் அவர்கள் கறாராக இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடிக்காத, 50 வயதைத் தாண்டாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் இசிஆர் (குடியேற்றச் சோதனை தேவை) என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் மலேசியா, தாய்லாந்து, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் சுற்றுலா போகும்போது இந்தியக் குடியேற்ற அதிகாரியும் திரும்பு டிக்கெட்டைக் கேட்பார். போகும் பயணத்தில் ஏறாமல் விட்டால் அதே டிக்கெட்டின் திரும்பும் பகுதியும் ரத்தாகிவிடும் என்பதையும், தேதி மாற்றம் ‘இலவசம்’ என்றாலும் கட்டண வித்தியாசம் தனி என்பதையும் வாங்கும்போதே கேட்டுவைக்கவேண்டும்.

இறங்கிய மறுநாளே ஐ-94ஐ எடுத்துப் பார்த்து, அதில் உள்ள தேதியையும் திரும்பு டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஐந்து நிமிட வேலை. பெயரோ தேதியோ தவறாக இருந்தால் திருத்தித் தர விமான நிலையங்களில் அலுவலகங்கள் உண்டு. சில சமயம், சரியாகக் கிளம்பியவரின் புறப்பாடும் பதிவாகாமல் போகிறது. அதற்காகத் திரும்பிய பயணத்தின் போர்டிங் பாஸையும், இந்தியாவில் இறங்கியதும் பாஸ்போர்ட்டில் விழுந்த வருகை முத்திரையின் நகலையும் அடுத்த விசா கிடைக்கும் வரை பத்திரப்படுத்தவேண்டும்.