நடவுக்காரியின் காலில் ஏறும் அரிப்பு

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நடவுப் பெண்களுக்கு வேலை வருகிறது. கூடவே அரிப்பும் வருகிறது. முழங்காலுக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள், இரவு தூங்கவிடாத நமைச்சல். "அவர்களிடம் சுத்தம் கிடையாது, அதனால்தான் சொறி" என்று ஊர்த்தெருவில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். சேரிக்கு என்ன வந்தாலும் சொல்லப்படும் அதே காரணம்.

இந்த அரிப்புக்கு உரமும் பூச்சிமருந்தும் சேற்றுப்புண்ணும் காரணமாகலாம். ஆனால் பலரும் அறியாத காரணம் ஒன்று உண்டு: நத்தை.

வயலிலும் குட்டையிலும், ஆட்டுக்கிடாயின் கொம்பு போலத் தட்டையாகச் சுருண்ட ஓட்டோடு ஒரு சிறு நத்தை இருக்கும். மாட்டின் ரத்தக்குழாயில் வாழும் தட்டைப்புழுவின் முட்டை, சாணத்தோடும் மூக்குச்சளியோடும் தண்ணீரில் கலக்கிறது. அதிலிருந்து வரும் குஞ்சு இந்த நத்தைக்குள் நுழைந்து, ஆயிரக்கணக்கில் பெருகி, பிளந்த வாலுள்ள நுண்புழுக்களாக வெளியே நீந்துகிறது. மாட்டைத் தேடிப் போகிற புழு, தண்ணீரில் நிற்கும் மனிதக் காலையும் துளைக்கிறது. நம் உடம்பில் அது வளர முடியாமல் தோலிலேயே செத்துப்போகிறது. அந்தச் சாவுதான் அரிப்பு. அடுத்தடுத்த முறை அரிப்பு இன்னும் கடுமையாகும்.

இது புதுச் சங்கதியும் அல்ல. மாடு குறட்டை விட்டு மூச்சுத் திணறும் நோய்க்கு இந்த வகைப் புழுவே காரணம் என்று 1930களிலேயே சென்னை மாகாணத்தில் அனந்தநாராயண ராவ் என்ற கால்நடை ஆய்வாளர் விவரித்துவிட்டார். மாட்டின் மூக்கைப் பற்றி எழுதிய அளவுக்கு, அதே தண்ணீரில் நிற்கும் கூலிக்காரியின் காலைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஆப்பிரிக்காவில் இதன் உறவுப்புழுக்கள் மனித உடம்பிலேயே வளர்ந்து சிறுநீர்ப்பையையும் ஈரலையும் கெடுக்கின்றன. அதற்கு உலகளவில் திட்டமும் மாத்திரையும் உண்டு. இங்கே ஆளைக் கொல்லாததால் கணக்கே இல்லை. இரண்டு நாள் நடவுக்குப் போக முடியாமல் கூலி போனால் அதுவும் கணக்கில் வராது.

நத்தைக்கறி சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். நாம் சமைக்கும் பெரிய நத்தைக்கு வாயில் மூடி இருக்கும்; அரிப்பு நத்தைக்கு மூடி கிடையாது. ஆனால் எந்த நத்தையையும் நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும். அரைவேக்காட்டில் மூளையைத் தாக்கும் வேறு புழு வரக்கூடும். "நத்தை தின்னி" என்று ஏசுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார்கள்.

கால்நடை முகாம்களில் மாட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றுகிறார்கள். வழக்கமான அந்த மருந்து ரத்தப்புழுவைக் கொல்லாது. அதற்குத் தனி மருந்து வேண்டும். மாடு பெரும்பாலும் நிலம் உள்ளவருடையது, கால் நிலமில்லாதவருடையது. மாட்டுக்கு மருந்து கொடுத்தால் இந்தக் காலும் பிழைக்கும் என்பதைக் கால்நடைத் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து பேசியதாகத் தெரியவில்லை.

ரப்பர் பூட்ஸ் போடச் சொல்வது எளிது. முழங்கால் சேற்றில் பூட்ஸோடு நாற்று நட்டுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நூறு நாள் வேலையில் குளம் தூர்வாரும்போது பூட்ஸ் உதவும். அதைக் கேட்டு வாங்கலாம். நடவில், கரையேறிய உடனே நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் அழுத்தித் துடைத்தால் ஓரளவு பயன் உண்டு. வரப்போரத்தில் அந்த நல்ல தண்ணீருக்கு ஒரு குடமாவது வைக்கச் சொல்லி, கூலி பேசும்போதே பேசிவிட வேண்டும்.