மூன்றாண்டு ஞாயிறுகள்

இரண்டை அறுபத்தேழு முறை எழுதிப் பெருக்கி, வருந்தொகையில் ஒன்றைக் கழித்தால் 147573952589676412927 கிட்டும். ஒன்றும் தானுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத முதன்மை எண் இஃதென்று 1644இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் உரைத்தார். அவ்வாறன்று என 1876இல் லூக்கா என்னும் பிரெஞ்சு அறிஞர் நிறுவினார். ஆயினும் அதன் காரணிகளை அவரும் கண்டிலர்.

1903இல் நியூயோர்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கம் கூடியபோது பேராசிரியர் கோல் கரும்பலகையை அணுகினார். வாய் திறவாமலே 193707721ஐ 761838257287ஆற் பெருக்கி, அவ்வெண்ணையே விடையாகக் காட்டி அமர்ந்தார் என்பர். அவை கரகோஷம் செய்ததாம். இக்காரணிகளைத் தேட மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தனவென்று பின்னர் அவர் கூறினாராம்.

பெருக்கிச் சரிபார்க்கச் சில நிமிடம். பிரித்துக் காண மூன்றாண்டு! இன்று கணினி அதனை இமைப்பொழுதிற் செய்துவிடும். ஆயினும் அன்பர்களே, இந்த ஞாயிறன்று தாளும் பென்சிலும் எடுத்து அப்பெருக்கலை நாமும் ஒருமுறை செய்து பார்ப்போமே!