வரைபடத்தில் லயம் இல்லை: சலித்து எறிந்தது யார்?

அண்மையில் ஒரு தோட்டத்து மக்களோடு விளக்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேம்பாட்டுத் திட்டத்தைப் பற்றிப் பேச வந்த ஆலோசகர் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். செயற்கைக்கோள் படத்திலிருந்து தயாரித்ததாம். தோட்டம் முழுக்க ஒரே பச்சை. எல்லாம் செம்பனை.

முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்தார். "ஐயா, எங்க லயம் எங்க? பள்ளிக்கூடம் எங்க?"

சின்னச் சின்னப் புள்ளிகளை நீக்கிவிட்டோம், படம் சுத்தமாக இருக்க வேண்டுமே என்று பதில் வந்தது.

சுத்தமாம்! மூன்று தலைமுறையாகப் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனைக் குலை அறுத்துக் கம்பெனிகளை வாழவைத்த குடும்பங்கள் துடைக்க வேண்டிய அழுக்கா?

நம் பிள்ளைகளில் கணினி தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே இந்தத் துடைப்பு எப்படி நடக்கிறது என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன்.

செயற்கைக்கோள் படம் சிறு சிறு கட்டங்களால் ஆனது. ஒரு கட்டம்தான் ஒரு பிக்சல். லேண்ட்சாட் படத்தில் ஒரு பிக்சல் தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். 2015இல் பறக்கவிடப்பட்ட சென்டினல்-2 இன்னும் கூர்மையானது. அதில் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர். கணினி ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து இது செம்பனை, இது கட்டடம், இது தண்ணீர் என்று நிறம் பூசுகிறது. பூசும்போது தவறும் செய்கிறது. மேகத்தின் நிழலைக் குளம் என்கிறது, மண் சாலையின் வளைவை வீடு என்கிறது. உப்பும் மிளகும் தூவியது போல் படம் முழுக்கப் புள்ளிகள். இவற்றை நீக்க ஒரு கருவி உண்டு. அதன் பெயரே சல்லடைதான். ஒரு எண்ணைக் கொடுத்தால், அந்த எண்ணுக்குக் குறைவான பிக்சல்கள் கொண்ட தனித் திட்டுகளை எல்லாம் அது நீக்கிவிடும்.

கருவியை நான் குறை சொல்லவில்லை. நிழலை நீக்கட்டும். ஆனால் நிழல் எது, வீடு எது என்று சல்லடைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது அளவு மட்டுமே.

கணக்குப் போடுவோம். நம் தமிழ்ப்பள்ளி இரண்டு ஏக்கரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஏறத்தாழ 8,100 சதுர மீட்டர். லேண்ட்சாட் படத்தில் 9 பிக்சல். கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் சல்லடைப் பெட்டியைத் திறந்தால், எண் கேட்கும் இடத்தில் ஏற்கெனவே 10 என்று எழுதியிருக்கும். மாற்றாமல் பொத்தானை அழுத்தினால் போதும், பள்ளி போய்விடும். ஒரே ஒரு பிக்சல் குறைவு! யாரும் கூடி முடிவெடுக்கவில்லை, யாரும் கையெழுத்திடவில்லை. பெட்டியில் இருந்த எண்ணை மாற்ற ஒருவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். முப்பதடிக்கு முப்பதடி கோயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அது சென்டினல் படத்தின் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாது.

இன்னொரு வேடிக்கை. பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை மட்டும் ஒன்றாகச் சேர்ப்பதா, மூலையில் தொட்டுக்கொள்ளும் கட்டங்களையும் சேர்ப்பதா என்றும் அங்கே ஒரு தேர்வு உண்டு. மூலையைச் சேர்க்காவிட்டால், கிழக்கு மேற்காக நேராகக் கட்டிய லயம் ஒரே திட்டாகப் பிழைக்கலாம். குறுக்காகக் கட்டியது துண்டு துண்டாகி மறைந்துவிடும். அன்றைக்குத் துரைமார் எந்தக் கோணத்தில் லயம் கட்டினார்களோ, அதைப் பொறுத்துத்தான் இன்றைக்கு நாம் இருக்கிறோமா இல்லையா என்பது!

இதைவிட மோசமானது வேறு. வீட்டில் மாவு சலித்தால், சல்லடையில் நின்ற கப்பியை நாம் கண்ணால் பார்க்கிறோம். இந்தச் சல்லடையில் மிச்சம் என்று எதுவுமே இல்லை. நீக்கிய திட்டுக்கு, அதைச் சூழ்ந்திருக்கும் பெரிய திட்டின் நிறத்தை அது பூசிவிடுகிறது. லயத்தைச் சுற்றிச் செம்பனை என்றால் லயமும் செம்பனை. இடம் வெறுமையாக இருந்தாலாவது இங்கே என்ன இருந்தது என்று ஒருவர் கேட்பார். வெறுமையும் கிடையாது. தோட்டத்து மக்களை இது அதிகம் தாக்குவதும் இதனால்தான். நாம் கூட்டமாக ஒரே இடத்தில் இல்லை. பல நூறு ஏக்கர் ஒரே பயிருக்கு நடுவில் ஆங்காங்கே சிறு திட்டுகளாக வாழ வைக்கப்பட்டோம். ஒராங் அஸ்லி கிராமங்களின் கதியும் இதுவே.

சிறியதை விட்டுவிடுவது உலக வழக்கம்தானே என்பார்கள். உண்மைதான். ஐரோப்பாவின் கோரின் நில வரைபடத்தில் 25 ஹெக்டருக்குக் குறைந்த இடம் தனியாக வராது. 2009இல் பினாங்கில் இடித்துத் தள்ளப்பட்ட கம்போங் புவா பாலா அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். (அந்தக் கிராமம் போனது நில விற்பனையாலும் நீதிமன்றத் தீர்ப்பாலும். வரைபடத்தால் அல்ல. அளவு புரியவே சொல்கிறேன்.) ஆனால் கோரின் தயாரித்தவர்கள் அந்த 25 என்ற எண்ணை வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று நம் கூட்டத்தில் காட்டிய படத்தின் மூலையில் திசைகாட்டி இருந்தது, கம்பெனி முத்திரை இருந்தது. எந்த எண்ணில் சலித்தார்கள் என்பது மட்டும் இல்லை.

நிலப் பட்டா இல்லாத நமக்கு, இங்கே இருக்கிறோம் என்பதே பெரிய ஆதாரம். அதையும் படத்திலிருந்து எடுத்துவிட்டால், நாளை "அங்கே குடியிருப்பே இல்லையே" என்று ஓர் அதிகாரி அந்தப் படத்தைக் காட்டிச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

ஆகவே அடுத்த கூட்டத்துக்குப் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள். எத்தனை பிக்சலில் சலித்தீர்கள்? சலிப்பதற்கு முன்னிருந்த படம் எங்கே? அதையும் அறிக்கையோடு இணையுங்கள். லயம், பள்ளி, கோயில், இடுகாடு ஆகியவற்றை நேரில் வந்து குறித்த பிறகு சலியுங்கள்.

அவர்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கைப்பேசி உள்ள பிள்ளைகள் கோயில் வாசலிலும் பள்ளி வாசலிலும் லயத்தின் இரு கோடியிலும் நின்று இருப்பிட எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தில் யாரும் இலவசமாகப் பதிவு செய்யலாம். இடுகாட்டை மறந்துவிடாதீர்கள். அதற்குக் கூரை கிடையாது, எந்தச் செயற்கைக்கோளும் அதை லேசில் கண்டுகொள்ளாது. எல்லை தெரிந்த பெரியவர்களைக் கூடவே அழைத்துப் போங்கள்.