இறுதி உணவும் அரசின் கோபமும்

மரண தண்டனைக் கைதி விரும்பிக் கேட்கும் இறுதி உணவை வழங்கும் வழக்கத்தை அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் கைவிட்டது. அதற்கு நீண்ட விவாதம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கைதி உண்ண மறுத்ததே போதுமானதாக இருந்தது.

1998ஆம் ஆண்டு ஜாஸ்பர் நகரில் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை வாகனத்தில் கட்டி இழுத்துக் கொன்ற வெள்ளையின வெறியர்களுள் ஒருவரான லோரன்ஸ் பிரூவரே அக்கைதி. பொரித்த மாட்டிறைச்சி, பீட்ஸா, முட்டைப் பொரியல், வெண்டிக்காய்ப் பொரியல், ஐஸ்கிரீம் என நீண்ட பட்டியலைக் கொடுத்துவிட்டு அவர் எதையும் தொடவில்லை. கொலையாளி தன்னிடம் சிக்கியவருக்கு அளிக்காத சலுகையை அரசு ஏன் அளிக்க வேண்டும் என செனட்டர் ஜோன் விட்மயர் சிறைத் திணைக்களத்திற்குக் கடிதம் எழுதினார். சில மணித்தியாலங்களில் வழக்கம் ஒழிந்தது. பேர்டின் மகன் அத்தண்டனையையே பகிரங்கமாக எதிர்த்திருந்தார். அக்குரலுக்கு அந்த வேகத்தில் செவிசாய்க்க எவரும் இருக்கவில்லை.

இவ்விடத்தில் பிரையன் பிரைஸ் என்பவரின் அனுபவம் கவனத்திற்குரியது. ஹன்ட்ஸ்வில் சிறையில் தாமும் ஒரு கைதியாக இருந்தபடி, சுமார் பத்தாண்டுகளில் 200இற்கும் மேற்பட்டோருக்கு இறுதி உணவைச் சமைத்தவர் அவர். பின்னர் அதனை நூலாகவும் எழுதினார். பத்திரிகைகள் வெளியிட்ட பட்டியலுக்கும் கைதியின் தட்டுக்கும் இடையே பெரும் வேறுபாடு இருந்ததை அவர் விளக்கியுள்ளார். சிறைச் சமையலறையில் இருப்பதைக் கொண்டே சமைக்க வேண்டும். உயர்தர இறைச்சித் துண்டைக் கேட்டவருக்கு அரைத்த இறைச்சியே கிடைக்கும். கேட்டதைப் பெற்றார் என்று உலகம் வாசித்ததே தவிர, கைதி அதனைப் பெறவில்லை.

வழக்கம் நிறுத்தப்பட்டபோது, தாமே செலவையும் ஏற்று இலவசமாகச் சமைத்துத் தருவதாக பிரைஸ் முன்வந்தார். திணைக்களம் அதனை ஏற்கவில்லை. பிரச்சினை பணமல்ல, அந்த எண்ணக்கருவே என்பது அதன் பதிலாக இருந்தது. அந்தப் பதிலில் ஒளிவுமறைவு இல்லை என்றே கூற வேண்டும். நன்றியுடன் உண்டு முடிக்கும் கைதி, தண்டனை நாகரிகமாகவே நிறைவேறுகிறது என்ற ஆறுதலை அரசுக்கு அளிக்கிறார். உண்ண மறுத்தவரோ அந்த ஆறுதலைப் பறித்துக்கொண்டார். இன்று டெக்சாஸில் ஊசி ஏற்றப்படவிருப்பவருக்கு அன்றைய தினம் ஏனைய கைதிகளுக்குச் சமைத்த உணவே வழங்கப்படுகிறது. தண்டனை நிறைவேற்றம் மாத்திரம் தடையின்றித் தொடர்கிறது.

உணவு வழங்கப்பட்ட இடங்களிலும் அது யாருக்காக வழங்கப்பட்டது என்பது கேள்விக்குரியதே. ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பொலிஸ் அதிகாரி ஒருவரைக் கொன்ற ரிக்கி ரே ரெக்டர், பின்னர் தம் தலையில் தாமே சுட்டுக்கொண்டதால் மூளையின் ஒரு பகுதியை இழந்தவர். அப்போது ஆளுநராகவும் ஜனாதிபதி வேட்பாளராகவும் இருந்த பில் கிளின்டன் பிரசாரத்தை இடைநிறுத்தி மாநிலம் திரும்பினார். ஆனால் தண்டனையை நிறுத்தவில்லை. 1992ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் திகதி ரெக்டரின் இறுதி உணவில் ஓர் இனிப்புப் பணியாரமும் இருந்தது. அதனை மட்டும் அவர் உண்ணாமல் பிறகு சாப்பிடுவதற்கென எடுத்து வைத்துவிட்டு, காவலர்களுடன் புறப்பட்டுச் சென்றார்.