வாடகைக்கு விடப்படும் வனம்

'கிளாம்பிங்' என்றொரு சொல் நம் குடும்பங்களின் விடுமுறைப் பேச்சில் புகுந்துவிட்டது. கவர்ச்சியையும் கூடாரத் தங்கலையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பிசைந்து செய்த சொல் அது. பொருள் எளியது. காட்டுக்குள் ஒரு கூடாரமோ மரக்குடிலோ இருக்க வேண்டும். அதனுள் பஞ்சு மெத்தையும் வெந்நீர்க் குழாயும் குளிர்சாதனமும் இருக்க வேண்டும். இரவில் முற்றத்தில் நெருப்பு மூட்டிப் பாட்டு ஒலிக்க வேண்டும். இரண்டு இரவுகளை இவ்வாறு கழித்துத் திரும்புவதற்கு 'இயற்கையோடு இணைதல்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பெயரை மறுப்பதே என் நோக்கம். உழைத்துக் களைத்தவர்கள் ஓய்வு கொள்வதை மறுக்க எனக்கு உரிமையில்லை. விவிலியமும் அதற்கு இடந்தராது.

ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே சேக்காடு இருக்கிறது. ஊரின் பெயரிலேயே காடு நிற்கிறது. தெற்கே திருவேற்காடு, வேலமரக் காட்டால் பெயர் பெற்றது. மேற்கே திருவாலங்காடு, ஆலமரக் காட்டால் பெயர் பெற்றது. இன்று இந்தப் பெயர்ப் பலகைகளின் கீழே நிற்பவை அடுக்கு வீடுகளும் ஊர்தி நிறுத்தங்களும். காட்டை வெட்டிப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம். பெயர்தானே, அதற்கு வரி கிடையாது! இப்போது இதே பகுதிக் குடும்பங்கள் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஊர்தி ஓட்டிச் சென்று, இன்னொருவருடைய காட்டை இரவுக்கு இவ்வளவு என்று வாடகைக்கு எடுக்கின்றன. அந்த 'இன்னொருவர்' யார் என்பதுதான் நாம் கேட்க மறந்த கேள்வி.

மசினகுடியை எடுத்துக்கொள்வோம். முதுமலையை ஒட்டிய சீகூர்ச் சமவெளியில் அது உள்ளது. தெற்கே செங்குத்தாக எழும் நீலகிரி மலைச்சரிவு; வடக்கே மாயாறு அறுத்த ஆழமான பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தின் வழியாகத்தான் யானைக் கூட்டங்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே போய்வருகின்றன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தழையும் புல்லும் தேவைப்படும் உயிர் ஓரிடத்திலேயே நின்று பிழைக்க முடியாது. நடப்பது அதற்குப் பொழுதுபோக்கன்று. அந்த நடைபாதையின் மேல்தான் விடுதிகள் எழுந்தன. மதில்களும் முள்வேலிகளும் மின்வேலிகளும் எழுந்தன.

தமிழக அரசு 2010 ஆகஸ்ட்டில் அந்நிலத்தை யானை வழித்தடமாக அறிவித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2011இல் அதை ஏற்றது. விடுதி உரிமையாளர்கள் உச்சநீதிமன்றம் சென்றார்கள். 2018 ஆகஸ்ட்டில் அந்நீதிமன்றம் 27 விடுதிகளை 48 மணி நேரத்துக்குள் பூட்டி முத்திரையிடுமாறு ஆணையிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று வழித்தட அறிவிப்பு செல்லும் என்று இறுதித் தீர்ப்பு அளித்தது. அரசாணையிலிருந்து இறுதித் தீர்ப்புவரை பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளிலும் கோடை வந்துகொண்டுதான் இருந்தது. குடும்பங்களும் சென்றுகொண்டுதான் இருந்தன.

தீர்ப்பு வெளியாகி மூன்று திங்கள் முடிந்தபோது நிகழ்ந்ததை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். முதுகில் ஏற்கெனவே புண்ணோடு திரிந்த ஆண்யானை ஒன்று மசினகுடியில் ஒரு தங்கும் விடுதியருகே வந்தது. அதை விரட்ட எரியும் பொருளொன்றை வீசினார்கள். காதில் தீப்பற்ற அது பிளிறிக்கொண்டே இருளில் ஓடியது. 2021 ஜனவரி 19 அன்று, முகாமுக்குக் கொண்டுசெல்லும் வழியில் இறந்தது. நான்கு நாள் கழித்து, எல்லைக்கு அப்பால் வயநாட்டின் மேப்பாடியில், தனியார் தங்குமிடமொன்றின் கூடாரத்தில் இரவைக் கழிக்க வந்த இளம்பெண் ஒருவரை யானை தாக்கிக் கொன்றது. ஒரே வாரத்தில் இரண்டு சாவுகள். ஒன்றை மனிதக் கொடுமை என்றோம். மற்றதை விபத்து என்றோம். இரண்டும் ஒரே வாணிகத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை. கூடாரத்தை அங்கே நட்டவன் இருவரிடமிருந்தும் எடுத்துக்கொண்டான்: யானையிடம் வழியை, பெண்ணிடம் உயிரை.

கூடாரம் நமக்குப் புதியதன்று. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம் மக்கள் சாலையோரத்தில் துணிவிரித்துப் படுத்து, பொதுக் குழாயில் முகம் கழுவி எழுவதை ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் காண்கிறோம். அதற்கும் முந்தையது இஸ்ரயேலரின் கூடாரப் பெருவிழா. வீடும் விளைச்சலும் பெற்றுவிட்ட மக்களை, ஆண்டுதோறும் ஏழு நாள் இலை தழைகளால் வேய்ந்த கூடாரத்தில் குடும்பத்தோடு தங்குமாறு ஆண்டவர் பணித்ததை லேவியர் நூலின் 23ஆம் அதிகாரம் சொல்கிறது. காரணமும் அங்கேயே உள்ளது. எகிப்திலிருந்து வந்தபோது தாங்கள் கூடாரவாசிகளாக இருந்ததைத் தலைமுறைகள் மறக்கக் கூடாது. வீடில்லாதிருந்த நினைவுதான் அவ்விழாவின் உயிர். நாமோ வீட்டிலுள்ள அத்தனையையும், வீட்டில் இல்லாத சிலவற்றையும் கூடாரத்துக்குள் அடைத்து, எந்த நினைவும் உள்ளே வராதபடி கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. இணைச்சட்ட நூல் அந்த விழாவில் மகிழ வேண்டியவர்களை வரிசைப்படுத்துகிறது: மகனும் மகளும், வேலைக்காரனும் வேலைக்காரியும், லேவியனும் அந்நியனும், அனாதையும் கைம்பெண்ணும். நம் வனக்குடிலில் அந்தப் பட்டியலின் முதல் இருவர்தாம் விருந்தினர். எஞ்சியோர் ஏவலர்: தட்டுக் கழுவுபவர், விறகு சுமப்பவர், இரவெல்லாம் டார்ச் விளக்கோடு காவல் நிற்பவர். அவர்களுள் இருளரும் குறும்பரும் இருந்தால், அவர்களே அக்காட்டின் பழங்குடிகள் என்பதை விருந்தினருக்குச் சொல்வார் யார்?

'அவர்களுக்கு வேலை கிடைக்கிறதே' என்பது விடுதிக்காரர்களின் நிலையான விடை. கிடைக்கிறது, மறுக்கவில்லை. வனத்தைத் தன் அறிவால் அறிந்த ஒருவனுக்கு, அதே வனத்தின் வாயிலில் நின்று அந்நியரின் பெட்டி சுமக்கும் வேலை கிடைக்கிறது. பருவம் முடிந்தால் அதுவும் இல்லை. இதை வாழ்வாதாரம் என்பவர்கள் அந்தக் கூலியில் ஒரு மாதம் வாழ்ந்து பார்க்கட்டும்.

'குழந்தைகள் இயற்கையை எப்போதுதான் பார்ப்பது?' என்பது பெற்றோரின் கேள்வி. இது நேர்மையான கேள்வி. சினத்தோடு விடை சொல்லத் தகாது. பார்க்கட்டும். தெப்பக்காட்டில் வனத்துறையின் தங்குமனைகளும் யானைகள் முகாமும் உள்ளன. வனத்துறை ஊர்தியில் பகலில் சென்று வரலாம். அங்கே பாட்டுக் கச்சேரி இல்லை, நள்ளிரவு நெருப்பு இல்லை. காட்டுக்கு விதிகள் உண்டு, நாம் அங்கே விருந்தாளிகள் என்பதைக் குழந்தை கற்கும். மாறாக, பணம் கட்டினால் யானையின் வழியும் நமக்குப் படுக்கையறை ஆகும் என்று கற்றுத்தரும் விடுமுறை, கல்வி அன்று. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு மின்-அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 2024 மே மாதம் முதல் நீதிமன்றமே சொல்ல நேர்ந்ததற்குக் காரணம், நாம் அளவோடு நின்றோமா என்பதே.

அழகிய இடங்கள் தனியுடைமையாகி எளியோர்க்கு எட்டாமல் போவதையும், பசுமை என்ற பெயரில் வேலியிட்ட குடியிருப்புகள் எழுவதையும் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலின் 45ஆம் பத்தியில் கண்டிக்கிறார். அம்மடலைப் பங்குகளில் வகுப்பெடுத்துப் படித்தோம். அன்பியக் கூட்டத்தில் கலந்துரையாடினோம். அதன்பின் விடுமுறைக்கு எங்கே முன்பதிவு செய்தோம்?

சூழலியலின் பாதுகாவலராக 1979இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அறிவித்த அசிசியாரும் காட்டுக் குடிலில் தங்கியவர்தாம். தனிமைத் தவத்துக்குச் செல்லும் சகோதரர்களுக்கு அவர் ஒரு சிற்றொழுங்கு எழுதினார். மூவரோ, மிஞ்சினால் நால்வரோ செல்லட்டும். இருவர் தாய்மாராய் இருந்து மற்றவரைப் பேணட்டும். சில காலம் கழித்துத் தாயர் மக்களாகவும் மக்கள் தாயராகவும் மாறிக்கொள்ளட்டும். நம் குடும்ப ஓய்வில் இந்த மாற்றம் எங்கே இருக்கிறது? ஆண்டெல்லாம் சமைத்த தாய்க்கு ஓய்வு தரவேண்டுமென்றால், தந்தையும் பிள்ளைகளும் அடுப்படிக்குள் நுழைய மசினகுடிவரை போக வேண்டியதில்லை.

நெகேமியாவின் காலத்தில் எருசலேம் மக்கள் கூடாரப் பெருவிழாவை மீண்டும் கொண்டாடியபோது எந்தக் காட்டுக்கும் குடிபெயரவில்லை. மலைக்குச் சென்று தழை கொணர்ந்து, தங்கள் வீட்டு மாடிகளிலும் முற்றங்களிலும் வாயிற்சதுக்கங்களிலும் கூடாரம் அமைத்தார்கள். சேக்காட்டில் மொட்டை மாடிகளுக்குப் பஞ்சமில்லை. தென்னங்கீற்று இன்னும் கிடைக்கிறது. பக்கத்துப் பருத்திப்பட்டு ஏரிக்கு வலசை வரும் பறவைகளைக் காலையில் நடந்துபோய்ப் பார்க்கலாம். கீழ்த்தளத்துக் காவலாளியின் பிள்ளைகளையும் உடன் அழைத்துப் போகலாம்.