கடனாகிப்போகும் நன்றி

மலேசியாவின் கமுந்திங் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடிந்து அம்மா வீடு திரும்பும் நேரத்தில், பிள்ளை பள்ளி வேனில் ஏறிவிட்டிருக்கும். 'பசியாறினியா?' என்ற கேள்விகூட வாட்ஸ்அப்பில்தான் போகிறது.

அந்நாளைய ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையை நான் புனிதப்படுத்த மாட்டேன். விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுத்தான் போனாள். ஆனால், கொஞ்சம் வளர்ந்த பிள்ளை அவளோடு பால்வாளி தூக்கியது. அம்மாவின் உழைப்பு அதற்குக் கண்ணெதிரே இருந்தது. யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இன்று அந்த உழைப்பு கையுறைத் தொழிற்சாலையின் மதிலுக்குள் நடக்கிறது. கண்ணில் படாததற்கு நன்றி எங்கிருந்து சுரக்கும்?

அந்த இடைவெளியை நாம் பேச்சால் நிரப்பப் பார்க்கிறோம். அதுவும் எப்போது? தேர்வு மதிப்பெண் குறையும் நாளில். "உனக்காகத்தானே இவ்வளவு கஷ்டப்படுறேன்!" அந்த நொடியில் நன்றி, நன்றிக்கடனாகிவிடுகிறது. பதின்மூன்று வயதில் எந்தப் பிள்ளையால் அந்தக் கடனை அடைக்க முடியும்?

நன்றியை வளர்க்க வேறு வழியும் உண்டு. உளவியலாளர் ஜெஃப்ரி ஃப்ரோவும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் 221 மாணவர்களிடம் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நன்றி தோன்றும் விஷயங்களை இரண்டு வாரம் நாள்தோறும் எழுதிய மாணவர்களுக்குப் பள்ளி வாழ்க்கையில் மனநிறைவு கூடியிருந்தது. அவர்களிடம் கேட்கப்பட்டது கடன் கணக்கு அல்ல. கிடைத்ததைக் கவனித்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால், இந்தப் பயிற்சியை மருந்தாக்கிவிடக் கூடாது. மனச்சோர்வைக் குறைப்பதில் இத்தகைய பயிற்சிகளின் பலன் சிறிதே என்று பின்னாளில் வந்த தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. மலேசியாவின் 2022 தேசியச் சுகாதார ஆய்வின்படி, இடைநிலைப்பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மனச்சோர்வை உணர்கிறார். அப்படித் தவிக்கும் பிள்ளையிடம், "இருக்கிறதுக்கு நன்றியா இரு" என்பது அதன் வாயை அடைப்பதாகும். அங்கே தேவை பள்ளி ஆலோசகர், மருத்துவர், அல்லது சுகாதார அமைச்சின் 15555 உதவி எண்.

மற்ற வீடுகளில் கிடைத்ததைக் கவனிக்கும் பழக்கத்தைப் பெரியவர்கள்தான் தொடங்க வேண்டும். நம் வீடுகளில் அம்மாவுக்குப் பிள்ளை 'நன்றி' சொல்வதில்லை. சொன்னால் அந்நியமாகப் படும். பிள்ளைக்கு அம்மா சொல்வது அதைவிட அரிது. அந்தச் சொல்லே வேண்டாம். ஷிப்டுக்குக் கிளம்புமுன் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு துண்டுத்தாள் போதும்: "தம்பி சட்டைக்கு நேத்து நீதான் இஸ்திரி போட்டியாமே, பாட்டி சொன்னாங்க."