அசலில் கை வைக்காத அதிகாரி

பி.காம். படித்தவனைக் காட்டுக்குள் கொண்டு போய் விட்டால் அவன் கண்ணுக்கு என்ன தெரியும்? புலி தெரியாது, பறவை தெரியாது. பேலன்ஸ் ஷீட்தான் தெரியும்!

சிரிக்காதீர்கள். பொள்ளாச்சியில் பஸ் ஏறி, சேத்துமடை செக்போஸ்ட் தாண்டி, வளைந்து வளைந்து மேலே போனால் டாப்ஸ்லிப். பேரிலேயே கணக்கு இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கை வெட்டி, மலை உச்சியிலிருந்து கீழே சறுக்கி விட்டார்கள். அதனால்தான் டாப்ஸ்லிப். சறுக்கின மரம் பம்பாய் வரை போய்க் கப்பலாயிற்று. வெள்ளைக்காரத் துரைகள் எடுத்தார்கள், எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே இருந்தார்கள். பாங்க் கணக்கில் அப்படி எடுத்தால் மானேஜர் ஒரு நாள் கூப்பிட்டு விட மாட்டாரா?

விட்டார். அவரும் ஒரு துரைதான். பேர் ஹ்யூகோ வுட். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வனத்துறை அதிகாரி. அவர் சொன்ன யோசனை உடுமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிக்கு அத்துப்படி. கட்டைக் கரும்பு! வேரோடு பிடுங்காதே, அடிக்கட்டையை விட்டு வெட்டு, அது தானாகத் துளிர்க்கும். நம்ம பாஷையில் சொன்னால், வட்டியை எடு, அசலில் கை வைக்காதே.

அதோடு மனுஷர் நடந்தார். பாக்கெட் நிறையத் தேக்கு விதை, கையில் ஒரு தடி. தடியால் ஒரு குத்து, குழியில் ஒரு விதை, அடுத்த அடி... இப்படியேதான் காட்டை மீட்டார் என்று டாப்ஸ்லிப்பில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இதில் விசேஷம் என்ன தெரியுமா? தேக்கு நன்றாகப் பருக்க ஐம்பது, அறுபது வருஷம் ஆகும். வுட் 1933-லேயே இறந்து விட்டார். பலனைப் பார்க்க மாட்டோம் என்று தெரிந்தே செய்த வேலை! மார்ச் 31-க்குள் டார்கெட், ஏப்ரலில் இன்க்ரிமென்ட் என்று பழகின நமக்கு இது கொஞ்சம் தலை சுற்றும்.

அமெரிக்காவில் வட கரோலினாவில் பில்ட்மோர் என்று ஒரு எஸ்டேட். வாண்டர்பில்ட் என்ற கோடீஸ்வரர் 1895-ல் 250 அறைகளோடு கட்டி முடித்த மாளிகை. இப்போது அது மியூசியம். வெட்டி மொட்டையான நிலத்தில் அவர் வளர்க்க வைத்த காட்டுக்குள் நடைபாதைகள் போட்டிருக்கிறார்கள். முதலில் வீட்டைப் பார், அப்புறம் காட்டில் நட.

நம்ம வுட்டுக்கு மாளிகை கிடையாது. தேக்கு மரங்களுக்கு நடுவே ஒரு கல்லறை. அதில் லத்தீனில் ஒரு வாசகம்: 'என் நினைவுச் சின்னத்தைத் தேடுகிறாயா? சுற்றிப் பார்.' லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டின கிறிஸ்டோபர் ரென்னுக்கும் அதே வாசகம்தான். அங்கே சுற்றிப் பார்த்தால் கல். இங்கே சுற்றிப் பார்த்தால் இலை. கூரை இல்லாத மியூசியம் சார்!

இதில் நடக்க இப்போது வழியும் இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்தது. டாப்ஸ்லிப்-பண்டாரவரை அதில் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும்; காட்டுத் தீ சீசனில் மூடி விடுவார்கள். கூட வருகிற வழிகாட்டி பெரும்பாலும் இந்த மலைக்காரராகவே இருப்பார்.

அவரைக் கொஞ்சம் கவனியுங்கள். காடர், மலசர், மலை மலசர், முதுவர், இரவாளர், புலையர் என்று ஆறு பழங்குடிகளின் வீடு இந்த ஆனைமலை. வுட் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறை முன்னாலிருந்து இவர்கள் நடந்து நடந்து விழுந்த தடம்தான் பாதை. துரையின் பெயர் கல்லில் இருக்கிறது. இவர்கள் பாட்டன்மாரின் பெயரை எந்தக் கல்லில் போய்த் தேடுவது? கணக்கில் ஒரு பக்கம் மட்டும் எழுதியிருந்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்!

அதனால் செல்போனில் ரீல்ஸ் எடுக்கிற அவசரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து விட்டு, "ஏனுங்கண்ணா, இது என்ன மரமுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். மரத்தோடு அவருடைய தாத்தா கதையும் சேர்ந்து வரும். பிஸ்கட் கவரை மட்டும் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வுட் பாக்கெட்டிலிருந்து கீழே போட்டது விதை!

பில்ட்மோருக்கு விசா வேண்டும். இதற்கு ஒரு கேஷுவல் லீவ் போதும். காரணம் எழுதச் சொன்னால் 'மியூசியம்' என்றே எழுதுங்கள். பொய்யில்லை.